மறுஆக்க இரட்டைக்குழல் துப்பாக்கியை, சந்தை மந்தமான நேரத்தில் சேகரிப்புக்கு வாங்கலாமா?

பழைய கம்பெனியின் வடிவத்தைப் பிற்காலத்தில் அப்படியே செய்த, நிஜமாகவே சுடும் துப்பாக்கிதான் மறுஆக்கம். அமெரிக்காவின் பழைய பார்க்கர் கம்பெனித் துப்பாக்கியை 1980களில் ஜப்பானில் செய்தார்கள், வேலைப்பாடு பிரமாதம். சிங்கப்பூர் தேக்காவில் பாட்டி காலக் கரையோடு புதிதாக நெய்த காஞ்சிப் பட்டு வாங்குவதுபோல: பட்டு அசல், பழமைதான் இல்லை.

மூத்த சேகரிப்பாளர்கள் விற்கிறார்கள், இளையவர்கள் பக்கத்தில் பக்கமாகக் குழல் உள்ள இந்த வகையை விட்டு, ஒன்றின்மேல் ஒன்றாகக் குழல் உள்ள மேல்-கீழ் வகைப் பக்கம் போய்விட்டார்கள்; விலை சரிய அதுதான் காரணம். மலிவு என்று பாய வேண்டாம். குழல்களைக் கழற்றித் தொங்கவிட்டு மரத்துண்டால் மெல்லத் தட்டுங்கள். கணீரென்று ஒலிக்காமல் 'டொக்' என்றால், இரு குழல்களையும் இணைக்கும் நடுப்பட்டையின் பற்றவைப்பு விட்டிருக்கலாம். மரக்கட்டையின் கழுத்தில் (கை பிடிக்கும் ஒடுங்கிய இடம்) மயிரிழை விரிசல், பாகங்களில் ஒன்றோடொன்று பொருந்தாத வரிசை எண் இரண்டையும் பாருங்கள். சுடாதது, பெட்டியோடு இருந்தால் மட்டும் கூடுதல் விலை நியாயம்.

மறுஆக்கம்தானே, பொம்மைக் கணக்கு என்று சிலர் நினைக்கிறார்கள்; ஆனால் சிங்கப்பூரில் இதையும் உரிமமின்றி இறக்குமதி செய்வதும் வைத்திருப்பதும் குற்றம்.