ஏஜென்சி ஆள் மாறுவது இருக்கட்டும், முதலில் அந்தப் புண்
பக்கவாதம் வந்து படுத்திருக்கும் அம்மாவைக் கவனிக்க மதுரையில் ஆள் அனுப்பும் ஏஜென்சி வாரம் ஒரு ஆளை மாற்றுகிறது, இப்போது இடுப்பில் படுக்கைப் புண் வேறு என்று எழுதியிருக்கிறீர்கள். புண்ணை இன்றே டாக்டரிடம் காட்டுங்கள், பவுடர் போட்டுச் சமாளிக்க விடாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்தார்களா, எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு என்று ஒரு நோட்டில் எழுதச் சொன்னால் புதிதாக வருகிறவரும் அதைப் பார்த்துத் தொடரலாம், நீங்களும் பெங்களூரில் இருந்தபடியே வாட்ஸ்அப்பில் போட்டோ கேட்கலாம். காற்று மெத்தை வாங்கினாலும் திருப்புவதை நிறுத்தக் கூடாது. அப்புறம், ‘நர்ஸ்’ என்று அனுப்பப்படுகிறவர் பல நேரம் அட்டெண்டர்தான். நர்சிங் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும். தமிழக அரசு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிக்கு வீட்டுக்கே இலவசமாக வருவார்கள், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.