ஒரே பிஸ்மத் டெலுரைடு, செய்முறை மாறினால் திறன் ஏன் மாறுகிறது?

வேதிச் சேர்க்கை ஒன்றாகவே இருந்தும், உருக்கி வளர்த்த வெப்பமின் பொருளுக்கும் (வெப்ப வேறுபாட்டை மின்சாரமாக மாற்றும் பொருள்) அரைத்து அழுத்தியதற்கும் திறனில் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று கேட்டிருக்கிறீர்கள். உள்ளே இருக்கும் படிக மணிகளின் அளவும் அவை படுத்திருக்கும் திசையும்தான் காரணம்.

பிஸ்மத் டெலுரைடை எடுத்துக்கொள்வோம். ஐந்தைந்து அணுத்தளங்கள் சேர்ந்த ஏடுகளாக அது அடுக்கப்பட்டிருக்கிறது. ஏட்டுக்கும் ஏட்டுக்கும் நடுவே பிணைப்பு மிகவும் பலவீனம். உருக்கி மெல்லக் குளிரவைத்தால் ஏடுகள் ஒரே திசையில் நீளமாக வளரும், அந்தத் திசையில் மின்சாரம் நன்றாக ஓடும். ஆனால் பிளேடால் லேசாக நெம்பினாலே பளபளவென்று ஏடு ஏடாக உரிந்து வந்துவிடும். சிறு துண்டுகளாக அறுக்கும்போது நிறைய உடைந்து வீணாகும்.

அதையே உருண்டைகள் மோதி அரைக்கும் பந்து ஆலையில் (ball mill) நானோ அளவுக்கு அரைத்து, சூட்டோடு அழுத்தினால் எங்கு பார்த்தாலும் மணி எல்லைகள், அதாவது ஒரு படிக மணி முடிந்து அடுத்தது தொடங்கும் இடங்கள். வெப்பத்தைச் சுமக்கும் அதிர்வுகள் அவற்றில் மோதிச் சிதறும், அதனால் சூடான பக்கத்துக்கும் குளிர்ந்த பக்கத்துக்கும் உள்ள வேறுபாடு எளிதில் கரையாது. மின்னோட்டம் அந்த அளவுக்கு அடிபடாது. 2008-இல் பாஸ்டன் கல்லூரி, எம்ஐடி ஆய்வாளர்கள் ஏற்கெனவே ஆன்டிமனி கலந்திருக்கும் பி-வகையில் (எலக்ட்ரான் இல்லாத வெற்றிடங்கள், அதாவது துளைகள், மின்சாரத்தைச் சுமக்கும் வகை) இப்படிச் செய்து, திறனைக் காட்டும் இசட்டி (ZT) எண்ணைச் சுமார் 1-இலிருந்து 100 டிகிரி செல்சியஸில் 1.4 வரை கொண்டுபோனார்கள். புதுத் தனிமம் எதுவும் சேர்க்காமல் கிடைத்த முன்னேற்றம் இது என்பதுதான் என்னை மிகவும் கவர்ந்தது.

சரி, எல்லாவற்றையும் அரைத்துவிடலாமா? எலக்ட்ரான்கள் மின்சாரத்தைச் சுமக்கும் என்-வகையில் அது சிக்கல். அரைக்கும்போது விழும் அடியில் படிகக் குறைபாடுகள் உண்டாகி எலக்ட்ரான்கள் தேவைக்கு மேல் கூடிவிடும். மணிகள் திசை கலைந்து கிடப்பதால் மின்கடத்தலும் அடிவாங்கும். அதனால் அழுத்திய கட்டியை மறுபடி சூட்டில் நசுக்கி, ஏடுகளை ஒரே பக்கமாகப் படுக்கவைக்கிறார்கள்.