அறுகம்பை இசையிரவுக்குப் பின் காதிரைச்சல்

இசையிரவுக்குப் போய் வந்தபின் காது இரைகிறது, நாளை இரவும் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். மீண்டும் போக வேண்டாம். இரைச்சல் முற்றாக அடங்கும்வரை காதுக்கு ஓய்வு கொடுங்கள்.

அறுகம்பைக் கடற்கரை உணவகத்தில் ஒலிபெருக்கியை ஒட்டிய மேசையில் மூன்று மணிநேரம் இருந்ததாக எழுதியுள்ளீர்கள். காரணம் பெரும்பாலும் அதுதான். இத்தகைய இடங்களுக்கென உலக சுகாதார நிறுவனம் 2022இல் வகுத்த உச்ச அளவே, 15 நிமிடச் சராசரியாக, 100 டெசிபல்தான். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போது ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும் என்பதால், அடுத்த முறை அலைப்பக்க மேசையைக் கேளுங்கள். தகரக் கூரையின் கீழ் இந்தக் கணக்குப் பலிக்காது.

கையெட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்தாமல் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் இடம் மாறுங்கள். பஞ்சு உருட்டி வைப்பது வீண்வேலை, நுரைக் காதடைப்பானே உதவும்.

ஆனால் ஒரு காது மட்டும் திடீரென மந்தமானால், காத்திராமல் அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள்.