நிலத்தை வாங்கிப் போட்டால் பறவைகள் பிழைத்துவிடுமா?

கேள்வி: அமெரிக்காவில் லேண்ட் டிரஸ்ட் அமைத்து மக்களே நிலத்தைப் பாதுகாக்கிறார்களாமே, பறவைகளுக்கு அதனால் உண்மையில் பயன் உண்டா? ஊர்க்காரர்களை எப்படிச் சேர்த்துக்கொள்கிறார்கள்? நம்மூரில் செய்ய முடியுமா?

பதில்:

பயன் உண்டு. ஆனால் நிலம் கைக்கு வந்துவிட்டால் மட்டும் போதாது. அதில் எந்த வாரம் என்ன வேலை நடக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் குஞ்சு பிழைப்பதும் சாவதும். நான் வெர்மான்ட் மாநிலத்தில் வசிக்கிறேன். இங்குள்ள சிறிய டிரஸ்ட் ஒன்றில் தன்னார்வலராக இருப்பதால் இதை அருகிலிருந்து பார்க்கிறேன்.

லேண்ட் டிரஸ்ட் என்பது லாப நோக்கமில்லாத அமைப்பு. சில சமயம் நிலத்தை வாங்கும். பல சமயம் உரிமையாளரோடு 'கன்சர்வேஷன் ஈஸ்மென்ட்' என்ற ஒப்பந்தம் மட்டும் போட்டுக்கொள்ளும். நிலம் அவர் பெயரிலேயே இருக்கும். பயிர் செய்யலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். பிளாட் போட்டு விற்க மட்டும் முடியாது. அடுத்து வாங்குபவரையும் அந்த ஒப்பந்தம் கட்டுப்படுத்தும். 2020 கணக்குப்படி லேண்ட் டிரஸ்டுகள் இப்படிக் காத்து வைத்திருப்பது சுமார் 6.1 கோடி ஏக்கர். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பைப்போல ஏறக்குறைய இரு மடங்கு!

இவ்வளவு இருந்தும் பறவைகள் குறைந்துகொண்டேதான் போகின்றன. 1970க்குப் பிறகு வட அமெரிக்கா சுமார் 290 கோடிப் பறவைகளை இழந்திருக்கிறது என்று 2019இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு சொன்னது. புல்வெளிப் பறவைகளில் பாதிக்கு மேல் போய்விட்டன.

ஏன் என்று புரிய பாபோலிங்க் என்ற பறவையைப் பார்த்தால் போதும். ஆணுக்கு வயிறெல்லாம் கறுப்பு, முதுகில் வெள்ளை, பிடரியில் வைக்கோல் நிறம். குளிர்காலத்துக்கு அர்ஜென்டினா, பொலிவியா வரை போய்விட்டு மே மாதம் இங்கே திரும்பி வரும். போக வர 20,000 கிலோமீட்டர். கூடு கட்டுவது தரையில், புல்லடியில். மாட்டுத் தீவனத்துக்காகப் புல் வளர்க்கும் வயல்தான் இன்று அதற்கு வீடு. பால்பண்ணைக்காரருக்கோ புல் இளசாக இருக்கும்போதே அறுத்தாக வேண்டும்; முற்றினால் புரதம் குறைந்துவிடும். ஜூனில் அறுவடை இயந்திரம் இறங்கும்போது குஞ்சுகளுக்குப் பறக்கத் தெரியாது. ஈஸ்மென்ட் போட்ட நிலம்தான், ஒரு கட்டடம்கூட இல்லை, ஆனாலும் அந்த வயலில் ஒரு குஞ்சும் மிஞ்சாது.

வழி இருக்கிறது. முதல் அறுப்பை மே கடைசிக்குள் முடித்துவிட்டு, அடுத்த 65 நாள் வயலைத் தொடாமல் விட்டால் பறவை திரும்பி வந்து கூடு கட்டிக் குஞ்சைப் பறக்கவிட்டுவிடும். இது இங்கே சாம்ப்ளெயின் பள்ளத்தாக்கு வயல்களில் ஆராய்ந்து கண்டது. அடுத்த அறுப்பை இப்படித் தள்ளிப்போடும் விவசாயிக்கு நஷ்டம் வரும், அதை யார் கொடுப்பது? பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி விவசாயிக்குக் கொடுக்கிறது 'பாபோலிங்க் புராஜெக்ட்'. தனக்கு ஏக்கருக்கு எவ்வளவு வேண்டும் என்று விவசாயியே விலை சொல்வார்; குறைவாகக் கேட்டவர்களிலிருந்து தொடங்கி, பணம் உள்ளவரை எடுத்துக்கொள்வார்கள். 2014இல் கலிபோர்னியா நெல்வயல்களிலும் நேச்சர் கன்சர்வன்சி என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு இதே முறையில் 'பேர்டு ரிட்டர்ன்ஸ்' திட்டத்தைத் தொடங்கியது. வடித்துவிட வேண்டிய தண்ணீரை இன்னும் சில வாரம் வயலில் நிறுத்தி வைக்க வேண்டும், அவ்வளவுதான். வலசை வரும் உள்ளான்களுக்கு இரை கிடைத்துவிடும்.

எந்த வாரம் தண்ணீரை நிறுத்த வேண்டும் என்று எப்படித் தெரிந்தது? சாதாரண மக்கள் இ-பேர்டில் பதிந்த பட்டியல்களிலிருந்துதான். கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்தும் தளம் அது. வாரவாரியாக எந்தப் பறவை எங்கே எவ்வளவு என்று காட்டும் வரைபடங்கள் அதில் இலவசம். லேண்ட் டிரஸ்டுகளுக்கென்றே தனி வழிகாட்டிகளும் சிறு நிதியுதவியும் அந்த ஆய்வகம் தருகிறது.

ஊர்க்காரர்களைச் சேர்ப்பதில் கூட்டம் போட்டுப் பேசுவதைவிட, அவரவர் வயலில் நின்று பறவைக் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலியைத் திறந்து காட்டுவது பலிக்கிறது. தினமும் காதில் விழுகிற குரலுக்குப் பெயர் திரையில் வந்து நிற்கும்போது விவசாயியே அடுத்த கேள்வியைக் கேட்பார். அறுப்புத் தேதி பற்றிப் பேச அதுதான் நேரம். சட்டென்று பணத்தைப் பற்றி ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

சரி, நம்மூருக்கு வருவோம். ஈஸ்மென்ட் சட்டத்தை அப்படியே கொண்டுவர வேண்டியதில்லை. நம் நீர்ப்பறவைகள் பல கண்மாயிலும் ஏரியிலும்தான் கூடு கட்டுகின்றன, அந்த நீர்நிலைகள் பொதுச் சொத்து. காலத்தைப் பார்த்து நடக்கும் பழக்கமும் நமக்குப் புதிதல்ல. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. பறவைகள் வந்து தங்கும் பருவம் அது.

உங்கள் ஊர்க் கண்மாயில் மாதாமாதம் ஒரு பட்டியல் எடுத்து இ-பேர்டில் ஏற்றுங்கள். தனியாகச் செய்யத் தயங்கினால் ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்ந்துகொள்ளலாம். கூடு கட்டும் மாதங்கள் தெரிந்ததும், கருவேல மர ஏலம், மீன்பாசி ஏலம், வண்டல் அள்ளுவது இதெல்லாம் எந்த மாதம் நடக்கிறது என்று ஊராட்சியில் கேட்டுப் பாருங்கள். இரண்டும் மோதினால், தேதியை மட்டும் தள்ளி வைக்கச் சொல்லி கிராம சபையில் மனு கொடுங்கள். ஏலமே கூடாது என்று போய் நின்றால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.