பாஸ்வேர்டு அடித்தால் திரையில் ஒன்றுமே வரவில்லை!

கேள்வி: எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் ஆறு பழைய கணினிகளுக்கு டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்டோம். புதிதாக வருகிறவர்களுக்காக நானே தமிழில் நாற்பது பக்கக் கையேடு எழுதி அச்சடித்தும் வைத்தேன். லினக்ஸ் வரலாறு, உரிமம், கெர்னல் என்று எல்லாம் அதில் இருக்கிறது. யாரும் அதைத் தொடுவதில்லை, என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். எங்கே தப்பு? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: லினக்ஸ் வரலாறு என்று ஆரம்பித்தீர்களே, அங்கேதான். படிப்பகத்துக்கு வருகிறவர் பென்டிரைவில் இருக்கும் பயோடேட்டாவைத் திறந்து பிரின்ட் எடுக்க வருகிறார். 1991-இல் ஹெல்சின்கியில் ஒரு மாணவர் என்ன எழுதினார் என்பது அவருக்கு இப்போது எதற்கு? அதையெல்லாம் கடைசியில் வையுங்கள், இல்லை எடுத்தே விடுங்கள்.

நானும் இதே தப்பைச் செய்தவன்தான். கையேடு ஒன்றை எழுதி முடித்த ஜோரில் பெரியப்பா கையில் கொடுத்துவிட்டு, வாயே திறப்பதில்லை என்ற முடிவோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் கட்டளையிலேயே மாட்டிக்கொண்டார். கட்டளைக்கு முன்னால் ஒரு டாலர் குறி அச்சாகியிருந்தது. அது டெர்மினல் (கட்டளைகளை அடிக்கும் ஜன்னல்) தானாகக் காட்டுவது, நாம் அடிக்க வேண்டியதில்லை என்று எனக்குத் தெரியும், அவருக்கு எப்படித் தெரியும்? அதையும் சேர்த்தே அடித்தார், 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று வந்தது. அடுத்து பாஸ்வேர்டு. டெபியனில் சூடோ (நிர்வாகி அதிகாரத்தோடு ஒரு வேலையைச் செய்யவைக்கும் கட்டளை) பாஸ்வேர்டு கேட்கும்போது நாம் அடிப்பது நட்சத்திரமாகக்கூடத் தெரியாது, அவர் கீபோர்டு போய்விட்டது என்று வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தார். நான் வீட்டில் வைத்திருப்பது லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு வகை, அதில் நட்சத்திரம் வரும், அதனால் இப்படி ஒரு பயம் இருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அப்புறம் திரையில் வந்த எதையோ காப்பி செய்யப் பழக்க தோஷத்தில் கன்ட்ரோலையும் சி-யையும் அழுத்தினார், ஓடிக்கொண்டிருந்த வேலை பாதியில் நின்றது. டெர்மினலில் அதோடு ஷிஃப்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். இந்த மூன்றில் ஒன்றுகூட என் கையேட்டில் இல்லை.

அதனால் நீங்களும் யாரையாவது உட்கார வைத்து, அவர் திணறும் இடத்தையெல்லாம் பென்சிலால் குறியுங்கள். உதவி செய்யக் கை பரபரக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படியிலும் 'இதை அழுத்து' என்பதோடு, அழுத்தியதும் திரையில் என்ன வரும், வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் எழுதுங்கள். மவுஸால் முடிகிற வேலைக்கு டெர்மினலைக் காட்டவே வேண்டாம். இன்னொன்று, எச்சரிக்கை எப்போதும் படிக்கு முன்னால் வர வேண்டும். லினக்ஸ் போடும்போது 'முழு டிஸ்க்கையும் பயன்படுத்து' என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டு, அடுத்த வரியில் 'பழைய கோப்புகள் அழிந்துவிடும்' என்று எழுதும் கையேடுகளை நான் பார்த்திருக்கிறேன். படிக்கிறவரின் கை கண்ணுக்கு முன்னால் போய்விடும். டிஸ்க்கில் நேரடியாக எழுதும் டிடி கட்டளை இன்னும் மோசம்: எஸ்டிபி என்று அடிக்க வேண்டிய இடத்தில் எஸ்டிஏ என்று ஓர் எழுத்து மாறினால், பென்டிரைவில் எழுத வேண்டியதை ஹார்டு டிஸ்க் மேலேயே எழுதிவிடும், ஒரு வார்த்தை கேட்காது.

கேள்வி: 'டெர்மினல்' என்று எழுதுவதா, 'முனையம்' என்று எழுதுவதா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: திரையில் என்ன இருக்கிறதோ அது. மெனு ஆங்கிலத்தில் இருக்க, கையேடு முனையம் என்று சொன்னால், பாவம், அவர் முனையத்தைத் தேடிக்கொண்டே இருப்பார். க்னோம், கேடிஇ என்ற திரைச்சூழல்கள் (மெனு, ஜன்னல் எல்லாம் காட்டுபவை) இரண்டையும் தமிழில் வைத்துக்கொள்ளலாம், அப்படி வைத்திருந்தால் அந்த மெனுவில் உள்ள சொல்லை அப்படியே எடுத்தாளுங்கள், உங்களுக்குப் பிடித்த வேறு சொல்லைப் போடாதீர்கள். நல்ல தமிழ்ச் சொல் மீது எனக்கு ஆசை இல்லாமல் இல்லை, ஆனால் கையேடு அதற்கான இடம் இல்லை. தமிழில் தட்டச்சு செய்வதை மட்டும் முதல் சில பக்கங்களுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். க்னோமில் செட்டிங்ஸுக்குள் கீபோர்டு, அதில் இன்புட் சோர்ஸ், அங்கே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. இது தெரியாமலே விண்டோஸுக்குத் திரும்பிப் போனவர்களை எனக்குத் தெரியும்.

கேள்வி: டெர்மினலில் 'மேன்' என்று அடித்து ஒரு கட்டளையின் பெயரையும் சேர்த்தால் எல்லா விளக்கமும் வருகிறதே, தனியாகக் கையேடு எதற்கு? (கோவை வாசகர்)

பதில்: அது அகராதி மாதிரி. சொல் தெரிந்தவருக்குத்தான் அகராதி. லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பரில் வந்தது, இன்றைய மேன் பக்கங்களின் வடிவம் பெரும்பாலும் அங்கிருந்து வந்ததுதான். கட்டளையில் உள்ள குறைகளை மறைக்காமல் சொல்ல 'பக்ஸ்' (பிழைகள்) என்று ஒரு தலைப்பு அப்போதே இருந்தது, எனக்கு அதில் ரொம்பப் பிடித்த விஷயம் இது. யூனிக்ஸ் வழிவந்த ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்துக்காரர்கள் மேன் பக்கத்தில் தவறு இருந்தால் அதையும் நிரலில் உள்ள பிழை போலவே நடத்துகிறார்கள். அதே குடும்பத்து ஃப்ரீபிஎஸ்டி-யில் மேன் பக்கங்கள் இருந்தும் ஹேண்ட்புக் என்று தனியாக ஒன்றை எழுதிப் பராமரிக்கிறார்கள், தேவையில்லை என்றால் அவ்வளவு உழைப்பைப் போடுவார்களா? சரி, மேன் பக்கத்துக்குள் போன புதியவர் வெளியே வர க்யூ எழுத்தை அழுத்த வேண்டும். அதை யார் அவருக்குச் சொல்வது?

கேள்வி: லினக்ஸுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. நான் கையேடு எழுதலாமா? (மதுரை மாணவி)

பதில்: சீக்கிரம் எழுதுங்கள். இன்னும் ஆறு மாதம் போனால் எங்கே முழித்தீர்கள் என்பதே மறந்துவிடும், அப்புறம் என்னை மாதிரி டாலர் குறி போட்டு எழுத ஆரம்பித்துவிடுவீர்கள். கட்டளைகளை மட்டும் விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டிச் சரிபாருங்கள். முதல் பக்கத்திலேயே எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று போட்டுவிடுங்கள். உபுண்டு லினக்ஸ் என்றால் எண்ணிலேயே தேதி இருக்கிறது: 24.04 என்றால் 2024 ஏப்ரல்.