எரியாமல் சுட்ட தூள்

கேள்வி: ஓர் அலுவலக வளாகத்தில் ஒப்பந்ததாரர் மூலம் துப்புரவு வேலை செய்கிறேன். அடைப்பெடுக்கப் போடும் வெள்ளைத் தூள், ஈரமாக இருந்த என் கையுறைக்குள் விழுந்துவிட்டது. வழுவழுவென்று இருந்ததே தவிர எரியவில்லை. வேலையை முடித்து அரை மணி நேரம் கழித்தே கழற்றினேன். சூப்பர்வைசர் பற்பசை தடவிவிட்டார். மறுநாள் மணிக்கட்டில் தோல் பழுப்பாகிக் குழிந்துவிட்டது. எரியாத பொருள் இப்படிச் சுடுமா? “உன் கவனக்குறைவு, விடுப்புக்குச் சம்பளம் இல்லை” என்கிறார்களே, சரியா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோயம்புத்தூர்

பதில்: சுடும். அடைப்பு நீக்கும் தூளில் பெரும்பாலும் இருப்பது, ஆசிடுக்கு எதிர்த்தன்மை கொண்ட காரமான காஸ்டிக் சோடா. நீங்கள் உணர்ந்த வழுவழுப்பு, உங்கள் தோலின் கொழுப்பே அந்தக் காரத்தோடு சேர்ந்து சோப்பாக மாறியதன் அடையாளம். ஆசிட் பட்டால் புரதம் உறைந்து பொருக்காகி, அது மேலும் உள்ளே இறங்குவதை ஓரளவு தடுக்கும். காரமோ எதிர்ப்படுவதையெல்லாம் கரைத்துக்கொண்டு ஆழத்துக்குப் போவதால், தொடக்கத்தில் வலி குறைவாக இருந்தாலும் புண் பெரிதாகிவிடுகிறது. போதாததற்கு, காப்பதற்காக அணிந்த கையுறையே ஈரத்தையும் தூளையும் தோலோடு சேர்த்துப் பிடித்து வைத்திருக்கிறது.

கையுறையை உடனே கழற்றி, ஒட்டியிருக்கும் உலர்ந்த தூளைத் தட்டிவிட்டு, ஓடும் குழாய்நீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவியிருக்க வேண்டும். பற்பசை புண்ணை மூடி மருத்துவரின் பார்வையை மறைக்குமே தவிர வேறொன்றும் செய்யாது. காரத்தை முறிக்கிறேன் என்று எலுமிச்சையோ வினிகரோ ஊற்றினால் அந்த வினையில் எழும் வெப்பமும் சேர்ந்து சுடும். குழிந்த புண் ஆழமானது என்பதால், வலி இல்லையே என்று காத்திராமல், தீக்காயப் பிரிவுள்ள மருத்துவமனைக்கு அந்தத் தூளின் உறையோடு இன்றே செல்லுங்கள்.

சம்பள விஷயத்தில் அவர்கள் சொல்வது தவறு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேற்படாத, இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம் பொருந்தும் பணியிடமாக இருந்தால், அதன் மூலம் வேலையில் ஏற்பட்ட காயத்தால் பணிக்குச் செல்ல முடியாத நாட்களுக்குச் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். நேற்றுத்தான் சேர்ந்தவருக்கும் இது உண்டு, கவனக்குறைவு என்று சொல்லி மறுக்கவும் முடியாது. ஒப்பந்ததாரர் உங்களைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தாலும் அவருக்கு ஒப்பந்தம் கொடுத்த முதன்மை நிறுவனம் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. ஆகவே மருத்துவச் சீட்டில் ‘கை சுட்டுவிட்டது’ என்று மொட்டையாக எழுத விடாமல், எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்த வேலையின்போது என்பதைச் சொல்லி எழுதச் செய்யுங்கள்; விபத்து அறிக்கை அனுப்பும்படி மேலாளரிடம் எழுத்தில் கேட்டு, நகலில் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.