மொராக்கோவுக்கு வேலைக்கு வர்றீங்களா? குடும்பத்தையும் கூட்டிட்டே வாங்க

தம்பி, ஜோர்ஃப் லஸ்ஃபார் உர ஆலையில வேலை கிடைச்சிருக்கு, முதல்ல தனியா வந்து பாத்துட்டு அப்புறம் மனைவி குழந்தைய கூப்பிட்டுக்கலாமா, மொராக்கோ எப்படிப்பட்ட நாடு, சைவ சாப்பாட்டுக்கு என்ன வழினு கேட்டிருந்தீங்க. நான் காசாபிளாங்காவுல குடித்தனம் பண்ணி பிள்ளைங்கள வளர்த்தவ, அதனால நேராவே சொல்றேன், விசா கைக்கு வந்துச்சுனா எல்லாரும் சேர்ந்தே வாங்க. கைக்குழந்தையோட டிராம்ல ஏறிப் பாருங்க, முன்ன பின்ன தெரியாத பாட்டி எந்திரிச்சு இடம் குடுத்து, பிள்ளை தலையில ஒரு முத்தமும் வெச்சிட்டு போவாங்க. தனி ஆம்பளைக்கு இந்த ஊர் பழக ரொம்ப நாள் ஆகும், குழந்தை இருக்குற வீட்டுக்கு கதவு தானா திறக்கும்.

ஆப்பிரிக்கானதும் வெயில்தான்னு நினைச்சு காட்டன் துணியா அடுக்கிட்டு வந்துடாதீங்க. ஆலைக்கு பக்கத்துல நீங்க இருக்கப்போற எல் ஜதீதா அட்லாண்டிக் கரை ஊரு, கோடை இதமா இருக்கும், ஆனா டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் வீட்டுக்குள்ளதான் குளிரு, தரை முழுக்க டைல்ஸ், பெரும்பாலான வீட்டுல ஹீட்டர் கிடையாது, செவுரு ஓதம் அடிச்சு துவைச்ச துணி ரெண்டு நாளானாலும் காயாது. அதனால வீடு பாக்க மத்தியானமா போங்க, வெயில் உள்ள விழுதானு பாத்துட்டு அப்புறம் வாடகை பேசுங்க. வாடகை ஒப்பந்தத்துல கையெழுத்த முக்காத்தாங்குற உள்ளூர் நகராட்சி ஆபீஸ்ல போட்டு முத்திரை வாங்கணும், வரிக்கு பயந்து சில ஓனருங்க அதெல்லாம் வேணாம்பாங்க, ஒத்துக்காதீங்க, ரெசிடென்ஸ் கார்டு எடுக்க உங்களுக்கு அந்தக் காகிதம் வேணும்.

சாப்பாட்டுக்கு பயப்படவே வேணாம். கொத்தமல்லி, புதினா கட்டுக்கட்டா குவிஞ்சு கிடக்கும், கொண்டைக்கடலை, மசூர் பருப்பு, காராமணி எல்லாம் சந்தையில மூட்டையில இருந்து அள்ளி நிறுத்து குடுப்பாங்க. துவரம்பருப்பு, காய்ஞ்ச கறிவேப்பிலை, புளி மட்டும் ஊர்ல இருந்து எடுத்துட்டு வந்துடுங்க. வெளிய சாப்பிடணும்னா பிஸ்ஸாரா கேளுங்க, நம்ம மொச்சை மாதிரி இருக்குற காய்ஞ்ச ஃபாவா பயறை கரைய வேக வெச்சு மேல ஆலிவ் எண்ணெயும் சீரகப்பொடியும் போட்டு தர்ற கெட்டி சூப், குளிர் காலைல அதுவும் சூடான ரொட்டியும் இருந்தா வேற எதுவும் கேக்கத் தோணாது. கத்திரிக்காயை மசிச்ச ஸாலூக்கும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் கூஸ்கூஸ், நம்ம புட்டு மாதிரி ஆவியில வேக வெச்சு ஏழு காய் மேல அடுக்கி வைப்பாங்க, பக்கத்து வீட்டுல இருந்து தட்டோட வந்து நிக்கும், ஆனா காய் வெந்தது பெரும்பாலும் கறிக் குழம்புல, அத முதல்லயே கேட்டுக்கோங்க. ஹோட்டல்ல இறைச்சி வேணாம்னா கோழி போட்டு தர்றவங்களும் உண்டு, கோழியும் வேணாம்னு சேர்த்தே சொல்லிடுங்க.

பிரெஞ்சு தெரிஞ்சா ஆபீஸ், பேங்க் எல்லாம் ஓடிடும், ஆனா தெருவுல பேசுறது தாரிஜாங்குற அரபி, எண்ணும் விசாரிப்பும் மட்டுமாவது இப்பவே கத்துக்கோங்க. இந்தியானு சொன்னா ஷாருக் கான் பேரு தானா வரும், நம்ம ஆளுங்கன்னா அவ்வளவு பிரியம்.

பணம் திர்ஹாம், 2,000க்கு மேல நாட்டுக்கு வெளிய எடுத்துட்டு போகக்கூடாது. சின்ன டாக்ஸி காசாபிளாங்காவுல சிவப்பு, ரபாத்ல நீலம், மூணு பேருக்கு மேல ஏத்த மாட்டாங்க, மீட்டர் போடச் சொல்லுங்க. கூட்டத்துல ஃபோனை பத்திரமா வெச்சுக்கோங்க. ராஜா, இஸ்லாம், மேற்கு சஹாரா, இந்த மூணையும் பத்தி வெளியில விவாதம் வேணாம், சட்டப்படியே சிக்கல் வரும். ரமலான்ல கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னால தள்ளி வைப்பாங்க, அந்த மாசம் பகல்ல தெருவுல தண்ணி குடிக்குறதக் கூட தவிர்த்துடுங்க.

சுத்திப் பாக்க மராகேஷ்தான் எல்லாரும் சொல்வாங்க, நான் ஃபெஸ்ஸ சொல்வேன். 859ல ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி கட்டினதா சொல்ற கராவியீன் மசூதியும் பல்கலைக்கழகமும் அங்கதான் இருக்கு, பழைய ஊர் சந்துக்குள்ள கார் வராது, சாமான் கழுதை மேல வரும், பின்னாடி இருந்து ‘பாலாக்’னு சத்தம் கேட்டா செவுரோட ஒட்டி நில்லுங்க. வழி காட்டுறேன்னு கூடவே வர்ற பசங்களுக்கு தலையாட்டிடாதீங்க, கடைசில காசுக்கு தகராறு பண்ணுவாங்க. மசூதிக்குள்ள முஸ்லிம் அல்லாதவங்களுக்கு பொதுவா அனுமதி இல்ல, ஆனா காசாபிளாங்காவுல ஹசன் II மசூதிக்கு டிக்கெட் எடுத்து போகலாம், 210 மீட்டர் மினாரா, அடியில கடல் அலை. காசாபிளாங்காவுல இருந்து தாஞ்சியருக்கு 2018ல விட்ட வேக ரயில் ரெண்டே கால் மணி நேரத்துக்குள்ள போயிடும், 1304ல தாஞ்சியர்ல பிறந்த, உலகம் சுத்தின பயணி இப்னு பதூதா நம்ம மதுரை வரைக்கும் வந்துட்டுப் போனவர், மதுரைக்காரரான நீங்க அந்த ஊர பாக்காம இருக்கக்கூடாது. எல் ஜதீதாவுலயே போர்ச்சுகீசியர் கட்டின கோட்டை இருக்கு, உள்ள இருக்குற நிலத்தடி நீர்த்தொட்டி திறந்திருந்தா, அதுல மேல் துவாரம் வழியா வெளிச்சம் விழும்போது பாருங்க, வந்த முதல் ஞாயித்துக்கிழமையே போயிட்டு வந்துடலாம்.

குழந்தைக்கு என்ன வயசு? ஸ்கூல் பெரும்பாலும் பிரெஞ்சு முறை, வயசு சொன்னீங்கன்னா அத பத்தி தனியா எழுதுறேன்.